தேங்க்ஸ்கிவிங்குக்கு 14 பேர் வர்றாங்க: என்ன சமைக்க, என்ன உடுத்த?

கொலம்பஸ்_கயல் | நவம்பர் 15, 2025, சனி

வணக்கம் மக்களே. ஒஹாயோ வந்து ஆறு வருஷம் ஆகுது. இத்தனை நாளும் தேங்க்ஸ்கிவிங்னா (நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, வான்கோழி விருந்தோட வர்ற அமெரிக்க நன்றி நாள்) யாராவது கூப்பிடுவாங்க, ஒரு டிரே தயிர்சாதத்தோட போய் உட்கார்ந்து சாப்பிட்டு வந்துடுவோம். இந்தத் தடவை வாய் சும்மா இருக்காம நானே கூப்பிட்டுட்டேன். எண்ணிப் பார்த்தா 14 தலை. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா பாட்டி, இவர் ஆபீஸ்ல ரெண்டு குடும்பம், ஊருக்குப் போக முடியாத மூணு காலேஜ் பசங்க, அப்புறம் நாங்க. எங்க அத்தை கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க, சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சிடுவாங்க.

வீட்டுல ஒரே ஒரு அவன் (oven) அடுப்புதான். வான்கோழியை நான் இதுவரை தட்டுலதான் பார்த்திருக்கேன்.

இன்னொரு பஞ்சாயத்து டிரெஸ். "நாலு பேர் வர்ற இடம், பட்டு கட்டிக்கோ"ங்கறாங்க அத்தை. "ஜீன்ஸ் போதும்"ங்கறார் இவர். தீபாவளிக்குப் பட்டு கட்டிட்டு வடை சுட்டு, முந்தானையில எண்ணெய் தெறிச்சு, அந்தக் கறை இன்னும் போகலை. நாள் பூரா அடுப்படியில நிக்கணும், வர்றவங்க முன்னாடி மனுஷியாவும் தெரியணும். நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

மிச்சிகன்_மாமி | நவம்பர் 15

கயல், சாப்பாட்டை அப்புறம் பார்ப்போம், முதல்ல டிரெஸ். இந்த ஊருல 22 தேங்க்ஸ்கிவிங் சமைச்சவ சொல்றேன், கேட்டுக்கோ.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நைட்டி. வெட்கமே படாதே, அதுவும் பழசாப் போன காட்டன் நைட்டி. கதவைத் தட்ட ஆள் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குளிச்சு மாத்திக்கணும். மாத்திக்க வேண்டியதை முந்தின ராத்திரியே அயர்ன் பண்ணி பாத்ரூம் கதவுல மாட்டிடு. அன்னிக்குத் தேட ஆரம்பிச்சேன்னா ஜாக்கெட் கிடைக்கும், புடவை கிடைக்காது.

வெளியில குளிர்னு ஸ்வெட்டர் போட்டுண்டு நின்னுடாதே. காலையிலேர்ந்து அவன் எரியறது, நாலு அடுப்பும் எரியறது, மேல 14 பேர் மூச்சு. வீடு கொதிக்கும். உள்ள மெல்லிசா ஒரு காட்டன் குர்தி, மேல கழட்டற மாதிரி ஒரு கார்டிகன். முழுக்கை வேண்டாம், முக்கால் கை. தொங்கற கையோட கேஸ் அடுப்புக்கு மேல கையை நீட்டாதே. பாலியஸ்டர் துப்பட்டா அடுப்படிக்குள்ளயே வரப்படாது. பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டிக்கும். சமையலால வீடு பத்திக்கறது இந்த நாட்டுல வருஷத்துலயே ஜாஸ்தி நடக்கற நாள் தேங்க்ஸ்கிவிங்தான். தீயணைப்புக்காரா வருஷா வருஷம் டிவியில கத்துவா.

காலுக்கு மெத்துனு ஒரு வீட்டுச் செருப்பு. டைல்ஸ் தரையில எட்டு மணி நேரம் வெறுங்கால்ல நின்னா மறுநாள் குதிகால் பேசும்.

நூல்கண்டு | நவம்பர் 15

மாமி சொன்னதோட ஒண்ணு. வர்றவங்க வாசல்லயே ஷூவைக் கழட்டுவாங்க, அதனால கிழியாத சாக்ஸா பார்த்துப் போடச் சொல்லி உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க. போன வருஷம் எங்க வீட்டுக்காரர் கட்டைவிரல் ஊருக்கே தெரிஞ்சுது.

இடுப்பு எலாஸ்டிக் இருக்கணும். நாடா வச்ச சல்வாரோ பலாஸோவோ எதுவானாலும் சரி. ஜீன்ஸ் போட்டா கடைசியில 'பை'ங்கற (pie) இனிப்பு வர்றப்போ பட்டனோட சண்டை. பட்டுதான் வேணும்னு அத்தை நின்னா செட்டிநாடு காட்டன்ல நல்ல கெட்டி பார்டரா எடுங்க. தூரத்துலேர்ந்து அதே கம்பீரம். பின் குத்தி, முந்தானையைச் சுத்தி இடுப்புல செருகிட்டா வேலையும் ஓடும்.

ரொறன்ரோ_சிவம் | நவம்பர் 15

நாங்கள் இங்க ஒக்டோபரிலயே முடிச்சிட்டம். கனடாவில ஒக்டோபர் ரெண்டாம் திங்கள்தானே, இந்த முறை 13ஆம் திகதி வந்தது. ஆனபடியால் நான் இப்ப ஓய்வுபெற்ற நிபுணர் மாதிரிக் கதைக்கலாம்.

உடுப்பு விசயத்தில ஆம்பிளையளுக்கு வேட்டியை விட்டால் வேற ஒண்டும் இல்லை. வயிறு ஏற ஏற வேட்டியும் இளகும். அங்கால வெள்ளைக்காரச் சனம் பெல்ட்டில ஓட்டை தேடும். எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

கரிச்சட்டி | நவம்பர் 16, ஞாயிறு

சொந்த ஊர் மதுரை, இப்ப ஹூஸ்டன். வான்கோழி டிபார்ட்மென்ட் என்னது, விடுங்க.

கயல், முதல்ல உறைஞ்ச கோழியா, பிரெஷ்ஷா? கடையில பெரும்பாலும் கல்லு மாதிரி உறைஞ்சதுதான் கிடைக்கும். 14 பேர்ல சைவம் போக, பாதிப் பேர் ஒரு துண்டுதான் எடுப்பாங்க. 14 பவுண்டு தாராளம். இதுல எல்லாரும் கோட்டை விடுறது ஒரே இடத்துலதான், ஐஸ் விடுறது. பிரிட்ஜ்ல வச்சா நாலஞ்சு பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். அப்ப 14க்கு மூணரை நாள் வச்சுக்கங்க. 23ஆம் தேதி ஞாயித்துக்கிழமை காலையில பிரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு டிரே வச்சு எடுத்து வைக்கணும். சிங்க்ல போட்டு ராத்திரி பூரா வெளியில வைக்கிற சோலி வேணாம். வெளித்தோல் கெட்டுப் போகும், நடுவுல இன்னும் ஐஸ் இருக்கும். மறந்துட்டீங்கன்னா கவரோட பச்சைத்தண்ணியில முக்கி வைங்க, அரைமணிக்கு ஒருதரம் தண்ணி மாத்தணும். பவுண்டுக்கு அரைமணின்னா ஏழு மணி நேரம் தண்ணி மாத்தியே ஓஞ்சு போவீங்க.

நம்மாளுக அடுத்துப் பண்றது, கோழியை மஞ்சத்தூள் போட்டு சிங்க்ல அலசுறது. பண்ணாதீங்க. அந்தத் தண்ணி தெறிச்சு அடுப்படி பூரா கிருமி. வேகும்போது அதுவே செத்துடும். பேப்பர் டவலால ஒத்தி எடுத்தாப் போதும்.

மசாலா: வெண்ணெய்யில இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, மல்லி எல்லாம் குழைச்சு, நெஞ்சுத் தோலுக்கு அடியில விரலை விட்டுத் தடவுங்க. தோலுக்கு மேல போட்டா கருகும், உள்ள இறங்காது. உப்பு போடுறதுக்கு முன்னாடி கவர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நிறைய கோழி உப்புக் கரைசல் ஏத்தித்தான் வருது. அதுக்கு மேல நம்ம கைப்பக்குவத்துல உப்பு போட்டா கருவாடு.

325 டிகிரி பாரன்ஹீட்ல மூணுலேர்ந்து மூணே முக்கால் மணி நேரம். கணக்கைப் பார்த்து எடுக்காதீங்க, தெர்மாமீட்டர் பார்த்து எடுங்க. தொடையோட தடிச்ச இடத்துல, எலும்புல படாம குத்தி 165 காட்டணும். வெந்ததும் துள்ளி எழும்னு கோழியில குத்தியே வர்ற பிளாஸ்டிக் குச்சியை நம்பாதீங்க, அது துள்ளுறதுக்குள்ள நெஞ்சுக்கறி பஞ்சாயிடும்.

அப்புறம் முக்கியமா, வயித்துக்குள்ள ஒரு பை இருக்கும். கழுத்தும் ஈரலும் அதுலதான். எடுத்துட்டு வைங்க.

டல்லாஸ்_தம்பி | நவம்பர் 16

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மட்டன் பிரியாணி போடுங்க. வான்கோழி யாருக்குமே பிடிக்காது, எல்லாரும் நடிக்கிறாங்க.

கரிச்சட்டி | நவம்பர் 16

தம்பி, வேக வச்சவன் சரியில்லைன்னா கோழி என்ன பண்ணும். முதுகெலும்பைக் கத்திரியால வெட்டி, புத்தகம் மாதிரி விரிச்சு வச்சு 425ல போட்டுப் பாரு. ஒன்றரை மணி நேரம், முன்னப்பின்ன. தொடையும் நெஞ்சும் ஒண்ணா வேகும், தோல் மொறுமொறுன்னு இருக்கும். சாப்பிட்டுட்டு வந்து பேசு.

பொடிநடை | நவம்பர் 17, திங்கள்

எல்லாரும் மசாலா தடவுறீங்க, சரி. 1621ல மாசசூசெட்ஸ் பிளிமத்துல, இங்கிலாந்துலேர்ந்து வந்து குடியேறினவங்க அந்த மண்ணோட பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோட உட்கார்ந்து சாப்பிட்ட கதையைத்தான் பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. அடுத்த ஐம்பது அறுபது வருஷத்துல அந்த மக்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்றதில்லை. அதே பிளிமத்துல 1970லேர்ந்து இந்த நாளைத் துக்க நாளா பூர்வகுடிகள் கடைப்பிடிக்கிறாங்க. நாம எந்தப் பக்கம்னு யோசிக்காம செட்டிநாடு காட்டனா பட்டான்னு விவாதம்.

டல்லாஸ்_தம்பி | நவம்பர் 17

ஆரம்பிச்சிட்டாருய்யா.

மிச்சிகன்_மாமி | நவம்பர் 17

தம்பி, அவரைக் கிண்டல் பண்ணாதே, அவர் சொல்றது நெஜம். என் பொண்ணு ரெண்டாம் கிளாஸ்ல பூர்வகுடி வேஷம்னு காகித இறகுத் தொப்பியோட வந்தா. காலேஜ் போனப்புறம் அவளே வந்து, "அம்மா அந்தத் தொப்பியை ஏன் வச்சுண்டிருக்கே, தூக்கிப் போடு"ன்னா. அதுலேர்ந்து எங்காத்துல சாப்பிடறதுக்கு முன்னாடி அவதான் ரெண்டு நிமிஷம் பேசுவா. மேஜையில இருக்கற சோளம், பரங்கிக்காய், கிரேன்பெரி, வான்கோழி எல்லாம் அவா மண்ணுது. நம்ம சாம்பார்ல இருக்கற மிளகாயும் தக்காளியும்கூட இந்தக் கண்டத்துலேர்ந்து வந்ததுதான். அதை ஒருத்தராவது வாய் விட்டுச் சொல்லிட்டுச் சாப்பிடட்டும். நாலு நாள் லீவுல ஊர்ல சொந்தம் இல்லாத பசங்களுக்குச் சோறு போடறதை என்னால விட முடியாது.

பொடிநடை | நவம்பர் 17

சோறு போடுறதை விடச் சொல்லலை மாமி. உங்க பொண்ணு பேசுறது நல்ல வழக்கம்.

நெறியாளர் | நவம்பர் 17

வரலாறு பற்றித் தொடர்ந்து பேச விரும்புபவர்கள் தனி இழை தொடங்கலாம். இங்கே அடுப்பு எரியட்டும்.

கொலம்பஸ்_கயல் | நவம்பர் 18, செவ்வாய்

எல்லாருக்கும் நன்றி. பொடிநடை சார், எனக்கு 1970 விஷயம் தெரியாது, அன்னிக்கு எங்க வீட்டுலயும் சொல்றேன்.

அத்தைக்கு என்ன வைக்கிறதுன்னு இன்னும் பிடிபடலை. வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. எதுல என்ன ஒளிஞ்சிருக்கும்?

மிச்சிகன்_மாமி | நவம்பர் 18

நிறைய ஒளிஞ்சிருக்கும். ரொட்டித் துண்டு ஸ்டஃபிங்ல கோழிச்சாறு ஊத்தியிருப்பா. சர்க்கரைவள்ளிக் கிழங்கு மேல வெள்ளையா உருகி நிக்கற மார்ஷ்மெல்லோ ஜெலட்டின், அதாவது மாட்டெலும்பு, பன்னித்தோல் சமாசாரம். பை (pie) மாவுல பன்னிக் கொழுப்பு இருந்தாலும் இருக்கும். வூஸ்டர் சாஸ்ல மீன். கிரேவி சொல்லவே வேண்டாம். கேட்டா "சிக்கனே போடலை"ன்னு சத்தியம் பண்ணுவா, பொய் இல்லை. சாறு அவா கணக்குல சிக்கன் கிடையாது.

அதனால சைவத்துக்குத் தனி மேஜை, தனிக் கரண்டி, அத்தை முதல்ல எடுத்துக்கட்டும். அன்னிக்கு மெனுவுலேர்ந்தே அவாளுக்கு எடு. பீன்ஸும் காளான் சூப்பும் கலந்து அவன்ல வைக்கற பீன்ஸ் கேசரோலுக்குப் பதிலா பீன்ஸ் பருப்பு உசிலி. அந்த கேசரோலே 1955ல கேம்பெல் சூப் கம்பெனி அடுப்படியில டார்கஸ் ரெய்லினு ஒரு அம்மா, வீட்டுல எப்பவும் கிடக்கற ரெண்டு சாமானை வச்சுக் கண்டுபிடிச்சது. நாமளும் வீட்டுல கிடக்கறதை வச்சுப் பண்ணா தப்பில்லை. பரங்கிக்காய்ப் புளிக்கூட்டு, சர்க்கரைவள்ளி வறுவல், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், கிரேன்பெரித் தொக்கு.

தொக்கை மட்டும் விட்டுடாதே. மாங்காய் ஞாபகமே வராது.

இன்னொண்ணு, தாளிப்பெல்லாம் புதன்கிழமையே முடிச்சுடு. ஜன்னல் திறக்காத மாசம் இது. அன்னிக்குக் கடுகு வெடிச்சா ஸ்மோக் அலாரமும் வெடிக்கும். வர்றவா கழட்டற கம்பளிக் கோட்டையெல்லாம் கீழ குவிச்சு வைக்காதே, மாடி ரூம்ல கட்டில்ல போட்டுக் கதவைச் சாத்து. பெருங்காய வாசனை கம்பளியில ஏறினா மார்ச் மாசம் வரைக்கும் போகாது. எனக்கு ஒரு அமெரிக்கக்காரி சிரிச்சிண்டே சொன்னா. சிரிச்சிண்டேதான் சொன்னா, ஆனா சொன்னா.

ரொறன்ரோ_சிவம் | நவம்பர் 18

ஒரே ஒரு அவன் எண்டதுக்கு வழி இருக்கு தங்கச்சி. கோழியை வெளியில எடுத்தவுடன வெட்டக்கூடாது, அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் அப்பிடியே இருக்கவேணும், இல்லாட்டிச் சாறு எல்லாம் பலகையில ஓடிடும். அந்த நேரத்துக்கு அவன் சும்மாதானே கிடக்கும். மிச்சத் தட்டுகள் எல்லாத்தையும் அப்ப தள்ளுங்கோ. நாங்கள் இஞ்ச கோழிக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள்தான். தங்கச்சியும் ஒருக்காப் போட்டுப் பாக்கலாம்.

கொலம்பஸ்_கயல் | நவம்பர் 26, புதன், இரவு 11:40

தொக்கு, உசிலி, கூட்டு ரெடி. கோழிக்கு வெண்ணெய் தடவியாச்சு. சல்வார் பாத்ரூம் கதவுல தொங்குது. தூக்கம் வரலை.

கரிச்சட்டி | நவம்பர் 26

தூங்குங்கம்மா. கோழி எங்கயும் ஓடாது.

கொலம்பஸ்_கயல் | நவம்பர் 29, சனி

கேளுங்க கதையை.

முதல் தப்பு என்னுது. ஞாயித்துக்கிழமை பிரிட்ஜ்ல இடமில்லை, ஜூஸ் பாட்டிலா நிறைஞ்சிருந்துச்சு, நாளைக்குப் பார்ப்போம்னு திங்கட்கிழமை சாயங்காலம்தான் கோழியை இறக்கி வச்சேன். புதன் ராத்திரி வெண்ணெய் தடவுறப்போ மேல எல்லாம் மெத்துனு இருந்துச்சு, ஐஸ் விட்டாச்சுன்னு நம்பிட்டேன். வியாழன் காலையில உள்ள கையை விட்டா அந்தக் கழுத்துப் பை வரவே மாட்டேங்குது. எலும்போட சேர்ந்து உறைஞ்சு கிடக்கு. உள்பக்கம் பச்சைத்தண்ணி விட்டு விட்டு, இவர் கோழியைப் பிடிக்க நான் இழுக்க, கால் மணி நேரம். பிரசவம் பார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சிங்க் முழுக்க பிளீச் போட்டுத் தேய்ச்சேன். அலசாதேன்னு சொன்ன கரிச்சட்டி அண்ணா திட்டாதீங்க.

பத்து மணிக்கு உள்ள போச்சு. ரெண்டு மணிக்கு நெஞ்சு 165, தொடை 148. மூணு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நம்ம ஊர்ல கோழி வெட்டுறப்போ முழுசாவா வேக வைக்கிறோம்னு இவர்தான் கேட்டார். கத்தியை எடுத்து ரெண்டு தொடையையும் பிரிச்சு, தனி டிரேயில வச்சு மறுபடி உள்ள தள்ளினோம். நெஞ்சை மட்டும் அலுமினியத் தாள் போட்டு மூடி வச்சாச்சு. நாப்பது நிமிஷத்துல தொடை 168. மேஜைக்கு முழுக்கோழியா வரலை, துண்டாத்தான் வந்துச்சு. யாரும் கேட்கலை.

ஒரு மணிக்கு மாத்திக்கணும்னு மாமி சொன்னதை, தொடை பஞ்சாயத்துல மறந்தே போயிட்டேன். ரெண்டே முக்காலுக்கு காலிங் பெல். பக்கத்து வீட்டுப் பாட்டி, கையில பரங்கிக்காய் பை (pie). நான் மஞ்சக் கறை நைட்டியில நிக்கிறேன். அந்தம்மா மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இது ரொம்ப சௌகரியமா இருக்கும் போலிருக்கே, எங்க வாங்கினே?"ன்னாங்க. சத்தியமா கிண்டல் இல்லை. பாக்கெட் இருக்கான்னு வேற கேட்டாங்க. இருந்துச்சு, காட்டினேன்.

அத்தை என்ன கட்டினாங்க தெரியுமா? எனக்குப் பட்டு கட்டுன்னு பத்து நாள் சொன்னவங்க, காலையில எழுந்து தண்ணியில அலசின சுங்குடிப் புடவை, இவரோட சாம்பல் கலர் ஹூடி, கால்ல சாக்ஸு, ஸ்நீக்கர்ஸ். "தரை ஜில்லுனு இருக்கு, நீங்க கட்டிக்கோங்க, எனக்கென்ன வயசா"ன்னாங்க. ராத்திரி வரைக்கும் அதேதான்.

இவர் சிவம் அண்ணா பேச்சைக் கேட்டு ஒட்டிக்கோ வேட்டி. பக்கத்து வீட்டுத் தாத்தா ரெண்டாவது தட்டு முடிஞ்சு பெல்ட்டைத் தளர்த்துறப்போ இவர் வேட்டியையே பார்த்துட்டு இருந்தார்.

சாப்பிடுறதுக்கு முன்னாடி வாம்பனோவாக் மக்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னேன். தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல தடுமாறினேன். தாத்தா மட்டும் தலையாட்டினார்.

காலேஜ் பசங்க கோழியைத் தொட்டுட்டு எலுமிச்சை சாதத்துக்கு ஓடிட்டாங்க. அதுல ஒரு பையன் தயிர்சாதத்தை நாலு தடவை போட்டுக்கிட்டான், நாலாவது தடவை அத்தை கேட்காமலே தட்டுல வச்சாங்க, அவன் குனிஞ்சுட்டே சாப்பிட்டான். தொக்கு பாட்டில் காலி.

இப்போ பிரிட்ஜ்ல நாலு பவுண்டு கோழிக்கறி, ஒரு எலும்புக்கூடு. என்ன பண்றது?

டல்லாஸ்_தம்பி | நவம்பர் 29

பிரியாணி. முதல்லயே சொன்னேன்.

கரிச்சட்டி | நவம்பர் 29

திட்டலை. தொடையைப் பிரிச்சது சரியான முடிவு, ஓட்டல்லயே பல பேர் அப்படித்தான் செய்யறாங்க.

வெந்த கறியில பிரியாணி தம் போட்டா நார் நாராயிடும். கறியைப் பிச்சு வச்சுக்கங்க. வெங்காயம், முட்டை, சால்னாவோட கொத்து பரோட்டா போடுங்க, அதுக்குன்னே பிறந்த கறி. பிரிட்ஜ்ல மூணு நாலு நாள்தான் தாங்கும், மிச்சத்தை இன்னிக்கே பிரீசருக்கு மாத்துங்க.

ரொறன்ரோ_சிவம் | நவம்பர் 29

எலும்பை எறியாதேங்கோ. மிளகு, சீரகம், உள்ளி (பூண்டு) தட்டிப் போட்டு மூண்டு மணித்தியாலம் அவியவிட்டு ரசம் வையுங்கோ. தடிமனுக்கு (சளிக்கு) இதமா இருக்கும்.

நூல்கண்டு | நவம்பர் 30, ஞாயிறு

கயல், தொக்கு அளவு போடலையே? கடையில கிரேன்பெரி பாதி விலைக்குக் கிடக்கு, ஆறு பை வாங்கிட்டேன்.

கொலம்பஸ்_கயல் | நவம்பர் 30

அத்தை கைக்கணக்கை நான் அளந்து எழுதினது. 12 அவுன்ஸ் பை ஒண்ணுக்கு நல்லெண்ணெய் கால் கப்புக்குக் கொஞ்சம் மேல. கடுகு வெடிச்சதும் பெருங்காயம், மஞ்சத்தூள், பழம். உடனே மூடி போட்டுடுங்க, பழம் பட்பட்டுனு வெடிச்சு சுவர் பூரா சிவப்பாகும். அடங்கினதும் மிளகாய்த்தூள் ரெண்டு டேபிள்ஸ்பூன், உப்பு ஒண்ணு. புளி வேண்டவே வேண்டாம். எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் சுருளக் கிளறி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் அரை டீஸ்பூன், சுண்டைக்காய் அளவு வெல்லம்.

கிளறும்போது வெள்ளைத் துணி எதுவும் போட்டுக்காதீங்க. அந்த நைட்டியில இருந்தது மஞ்சக் கறை மட்டும் இல்லை.

மிச்சிகன்_மாமி | நவம்பர் 30

பக்கத்தாத்து அம்மாவுக்கு நைட்டி சைஸ் கேட்டு வை. ஜனவரியில சென்னை போறேன், பாக்கெட் வச்சதா ரெண்டு வாங்கிண்டு வரேன்.